பன்னிரண்டாம் நம்பர் தாத்தா

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பிசகியிருந்தாலும், நான் செத்த அன்று வெட்டுகிற பன்றியில் என் பேருக்கு விழவேண்டிய பங்கு தெருநாய்க்குப் போகட்டும். சுமத்ராவில், எங்கள் தோபா ஏரிக்கரையில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்துவிட்டுப் புளுகுகிறவனைப் பார்த்திருக்கிறேன். கறியின் மேல் செய்துவிட்டுப் புளுகியவனைப் பார்த்ததில்லை.

வக்கீல் தும்பால் சிரிஹிட் ஜகார்த்தாவிலிருந்து மனைவியோடு ஊர் வந்து சேர்ந்தபோது கோபுரத்துக்கு வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். மூன்று அடுக்குக் கோபுரம். உச்சியில் எருமைக்கொம்பு மாதிரி இருபுறமும் வளைந்த கூரை, அதன் நடுவில் ஒரு சிலுவை. சிரிஹிட் வம்சத்தில் செத்தவர்களின் எலும்பையெல்லாம் பழைய குழிகளிலிருந்து எடுத்து, மஞ்சளும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீரில் கழுவி, மறுநாள் காலை அதில் குடியேற்றுவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்கு சிமெண்ட் வீடு, இருப்பவர்களுக்குத் தகரக் கூரை. இதற்காக யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. இருப்பது கொஞ்ச காலம்தானே.

கோபுரம் தும்பால் கட்டியது. செங்கல்லிலிருந்து சிலுவைவரை அவர் கைக்காசு. காரணம் அவருடைய அப்பா. அப்பாவுக்கு ஆயுள் முழுக்கச் சொந்த வீடு வாய்க்கவில்லை. மரத் தூண்களின் மேல் நிற்கும் ஒரு பங்காளியின் மரக்கால் வீட்டுக்கு அடியில், எருமைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் குடித்தனம் நடத்தியவர். மேலே யாராவது கஞ்சியைச் சிந்தினால் பலகை இடுக்கு வழியாக இவர் தலையில் சொட்டும். மேலே கல்யாணம் நடந்து நாலு பேர் ஆடினால் இவர் சோற்றில் மண் விழும். மகன் படித்து வக்கீலாகி வந்து கூட்டிப்போவதற்குள் மனிதருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. கடைசியில் மகனின் கையைப் பிடித்து, "என்ன எங்க வேணா பொதச்சுக்கடா. யாருக்கும் கீழ மட்டும் வெச்சிராத" என்றார். அன்றிலிருந்து தும்பாலுக்கு அந்த ஒரு நினைப்புத்தான். மேல் அடுக்கு அப்பாவுக்கு. தலைக்கு மேல் சிலுவையும் மேகமும் தவிர ஒன்றும் இருக்கக்கூடாது.

மேல் அடுக்கைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அதற்கு நம்பர் வேண்டும். பத்தாக்காரர்கள், அதாவது எங்கள் ஏரிக்கரை ஜனங்கள், இரண்டு பேர் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன் வம்சத்தைக் கேட்பார்கள், வம்சம் ஒன்றென்றால் நம்பரைக் கேட்பார்கள். மூலபுருஷன் ஒன்று, அவன் பிள்ளைகள் இரண்டு, பேரன்கள் மூன்று, இப்படியே இறங்கி வரவேண்டும். நம்பர் சின்னதென்றால் ஆள் பெரியவன். வயது, படிப்பு, பல்வரிசை எல்லாம் அதற்கு அப்புறம். தொட்டிலில் கிடக்கிற சின்ன நம்பரை எண்பது வயதுக் கிழவன் குனிந்து "அப்பா" என்று கூப்பிட்டாக வேண்டும். தொட்டில் மூத்திரம் பெய்தால் ஆசீர்வாதமென்று முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

தும்பால் பதினாலு. ஊரில் இருந்த மற்றவர்களெல்லாம் பதினைந்து, பதினாறு, பதினேழு. அவர் அப்பா பதிமூன்று. அதற்கு முந்திய நம்பர்களின் குழிகள் இருந்த இடம் யாருக்கும் தெரியாது. மற்றப் பதிமூன்றுகள் ஏரியில் முழுகியும் காட்டில் காய்ச்சல் கண்டும் எலும்பே கிடைக்காமல் போனவர்கள். ஆகவே மேல் அடுக்கு தும்பாலின் அப்பாவுக்குத்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் அவரை எதிர்கொண்டவர் ரிரிஸ் கிழவர். எங்கள் வழக்கப்படி, பேத்தி ரிரிஸ் பிறந்ததிலிருந்து அவள் பெயர்தான் அவருக்கும் பெயர். சொந்தப் பெயரை அவரே மறந்திருந்தார். வேறு எதையும் மறந்தவர் இல்லை. சிரிஹிட் வம்சம் முழுவதும், கிளை, கொம்பு, கள்ளப்பிள்ளை உட்பட, அவர் மண்டைக்குள் இருந்தது. எழுதி வைக்கச் சொன்னால் மாட்டேன் என்பார். எழுதினால் மற்றவர்கள் படித்துவிடுவார்களே. எண்பது தாண்டியவர், வாயில் ஒரு பல் கிடையாது, நம்பர் பதினைந்து. தும்பாலின் அப்பா குடியிருந்த மரக்கால் வீட்டில் மேலே இருந்தவர்கள் இவர் குடும்பம்தான்.

"வாங்க சித்தப்பா," என்று அறுபது வயதுத் தும்பாலுக்கு முன்னால் குனிந்தார். "மேல் அடுக்குல காத்து நல்லா வருது. உங்கப்பாவுக்கு எளப்பு இருந்துச்சில்ல, சௌகரியமா இருக்கும்."

"நல்லா இரு மகனே," என்றார் தும்பால். எண்பது வயதுக்காரரை மகனே என்று கூப்பிடும்போது அவருக்கு எப்போதுமே உள்நாக்கில் தேன் விட்டாற்போல இருக்கும். அதற்காகவே வருஷம் ஒருமுறை ஊருக்கு வருவார் என்பது அவர் மனைவி லம்தியூரின் அபிப்பிராயம்.

மத்தியானம் முற்றத்தில் பன்றி வெந்துகொண்டிருந்தது. அப்போது ஒருவன் கயிறு கட்டிய நூடுல்ஸ் அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் விசில் தொங்கியது. அண்டாவுக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கிவிட்டு, கறியை மோந்து பார்த்தான்.

"யாருப்பா நீ?" என்றார் தும்பால். "சமையல் ஆளா?"

"இல்லீங்க. பஸ்ல கண்டக்டர். மேடான் லைன். பேரு கொம்கொம். சிரிஹிட்டுத்தான்."

"ஓகோ. சரி, அந்தப் பெட்டிய ஓரமா தள்ளு. எல்லாரும் சாப்பிட்டப்புறம் கூப்பிடுவாங்க."

"பெட்டில எங்கப்பா இருக்காருங்க. எலும்பு கொண்டாரச் சொன்னாங்களே?"

ரிரிஸ் கிழவர் எழுந்து வந்தார். "நம்பர் என்ன தம்பி?"

"பன்னெண்டு."

முற்றம் கப்பென்று அடங்கியது. அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்த பன்றிகூடக் கொதிப்பதை நிறுத்திக்கொண்டது என்கிறார்கள். நான் நம்பவில்லை, ஆனால் இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

"பன்னெண்டா? நம்பரா, பஸ்சு சீட்டா?" என்று தும்பால் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலை மடக்கி, கொம்கொமின் அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஏறிப் போனார். அந்தக் கிளையில் ஆண்கள் அறுபதுக்கு முன் கல்யாணத்தைப் பற்றி யோசிப்பதில்லை. யோசித்தாலும் எழுபதுவரை பிள்ளை பெறுவது ஞாபகம் வராது. மற்றக் கிளைகள் மூன்று தலைமுறை ஓடி முடிப்பதற்குள் இவர்கள் ஒன்றுதான் நகர்ந்திருந்தார்கள். கிழவர் கண்ணைத் திறந்தார்.

"பன்னெண்டுதான்," என்றார். "இவங்கப்பா பதினொண்ணு. சித்தப்பா, இவரு உங்களுக்குத் தாத்தா ஆகணும்."

"எனக்கா?"

"எனக்குக் கொள்ளுத்தாத்தா. நானே குனியப் போறேன், உங்களுக்கென்ன?" சொன்னபடியே கிழவர் முழங்கால் நொறுங்கக் குனிந்தார். முற்றமே குனிந்தது. நிமிர்ந்தபோது எல்லாருடைய கண்ணும் தும்பாலின் மேல் இருந்தது. எத்தனை வருஷமாக "மகனே, பேராண்டி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்! ஒரு பெண்பிள்ளை நன்றாகத் தெரியும்படி முன்வரிசைக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

தும்பால் குனிந்தார். "தாத்தா" என்றார். பல்வலிக்காரன் பெயர் சொல்வது போலிருந்தது.

"காதுல விழல பேராண்டி."

"தாத்தா!"

"நல்லாருப்பே. சரி, வழில நிக்காத, உள்ள எடமிருக்கு, தள்ளிப் போ." பழக்க தோஷம். பிறகு கொம்கொம் யோசித்தான். அவனுக்கு இத்தனை காலம் பஸ்ஸில் கூட மரியாதை கிடைத்ததில்லை; கோட்டுப் போட்டவர்கள் அவன் கையில் சில்லறையை எறிந்துதான் பழக்கம். இன்றைக்கு ஒரு கோட்டு கையில் கிடைத்திருக்கிறது. "பேராண்டி, கள்ளு இருக்கா?"

கள் வந்தது. தும்பால்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. தாத்தா கேட்டதை வேலையாள் கொண்டு வந்தால் வம்சத்துக்கு அவமானம் என்று கிழவர் எடுத்துச் சொன்னார். அப்புறம் விசிறி. அப்புறம் காலுக்கு ஒரு முக்காலி. முக்காலி ஆடியது, தும்பால் குந்தி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வக்கீலின் சப்பாத்தைப் பார்த்து, "இது என்ன தோலு?" என்று கேட்டான் கொம்கொம். முதலை என்றதும், "பாவம், அதுக்கும் தாத்தா இருந்திருப்பான். கழட்டு" என்றான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வக்கீல் வெறுங்காலில் பின்னால் குடை பிடித்தார். குழந்தைகள் மேளத்தை எடுத்துத் தட்டின. பெரியவர்கள் தடுக்கவில்லை. மறுக்கிற பேரனுக்கு வம்சத்தில் பங்கு கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும்.

இத்தனையையும் தும்பால் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது சாயங்காலம் வந்தது. கிழவர் கோபுரத்தைக் காட்டி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காலைல பதினொண்ணாம் நம்பரு மேல ஏறும். பதிமூணு அதுக்குக் கீழ் அடுக்கு."

தும்பால் லம்தியூரிடம் போய் நின்றார். அவள் பிறந்தது சிலாலாஹி என்ற வேறு வம்சத்தில். சிரிஹிட் வம்சத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய மயக்கமெல்லாம் கிடையாது. மறுநாள் விருந்துக்கு அவள் அண்ணன்மார் பெண் கொடுத்த வீட்டார் என்ற முறையில் வந்திருந்தார்கள்.

"அப்பாவ ஒரு கண்டக்டரோட அப்பனுக்குக் கீழ வைக்கறதா?" என்றார் தும்பால்.

"கீழ் அடுக்குக்கும் நீங்கதான சிமெண்ட் போட்டீங்க? ஒழுகாதுல்ல, விடுங்க."

"நான் விடமாட்டேன். அவன் வம்சத்தை நோண்டுனா ஏதாவது கெடைக்கும். எந்தக் கேஸ்லயும் கெடைக்கும்."

"நோண்டுங்க, நோண்டுங்க," என்றாள். "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறவரத் தடுக்க நான் யாரு?"

ரிரிஸ் கிழவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, பன்றித் தோலை ஈறால் சப்பிக்கொண்டிருந்தார். தும்பால் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜகார்த்தாவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், என் சிநேகிதர், ஒரே நாளில் மேல்வரிசை கீழ்வரிசை இரண்டும் மாட்டிவிடுவார், கொட்டையே உடைக்கலாம் என்று எங்கோ பார்த்தபடி சொன்னார்.

கிழவர் சப்புவதை நிறுத்தினார். "முறுக்கு?"

"எலும்பே கடிக்கலாம் மகனே."

கிழவர் தோலைப் படியில் வைத்தார். "ஒரு விஷயம் இருக்கு சித்தப்பா. கேட்டாச் சொல்வேன். கேக்காட்டி சொல்ல மாட்டேன்."

"கேக்கறேன்."

"கொம்கொமோட கிளைல ஏழாம் நம்பர் ஒருத்தன். அவன் பொறந்தவன் இல்ல. வாங்குனவன். அக்கரைல சண்டை நடந்தப்போ பிடிபட்ட பையன். நம்ம ஆறாம் நம்பர் ஒருத்தரு ஒரு எருமையக் குடுத்து சந்தைல வாங்கிட்டு வந்தாரு. பையன் நல்லா வேலை செஞ்சான். அவருக்குப் பிள்ளையில்ல. எருமை வெட்டி விருந்து போட்டு மகனாக்கிட்டாரு. விருந்து போட்டாச்சுன்னா மகன்தான். அதனால யாரும் பேசறதில்ல."

தும்பாலுக்கு மூச்சு சீராக வந்தது. "சந்தைல வாங்குன சரக்கு," என்றார். "நாளைக்கு முற்றத்துல இதச் சொல்லணும்."

"தனியாச் சொல்றது வேற, முற்றத்துல சொல்றது வேற. முற்றத்துல விழுந்த வார்த்தையக் கூட்டி அள்ள முடியாது. வேண்டாம் சித்தப்பா."

"சொல்லணும்."

"வேண்டாம்னு நான் சொன்னேன், ஞாபகம் வெச்சுக்குங்க," என்றார் கிழவர். பிறகு மறுபடி தோலைச் சப்பத் தொடங்கினார்.

காலையில் முற்றம் நிறைந்திருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய எலும்புப் பெட்டிகள் கோபுரத்தடியில் வரிசையாக இருந்தன. கடைசியில் நூடுல்ஸ் பெட்டி. கொம்கொம் முதலைச் சப்பாத்தோடு வந்து முன்பாயில் உட்கார்ந்தான். தும்பால் எழுந்தார். அன்று அவர் பேசியதுபோல் எந்தக் கோர்ட்டிலும் பேசியதில்லை என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

"பெரியவங்களே! ஆலமரத்துல ஒட்டுவெச்ச கிளை ஆலமரம் ஆகுமா? விருந்து போட்டா வயிறு நெறையும், ரத்தம் மாறுமா? சந்தைல வாங்கி வந்தவன் எத்தனை தலைமுறை ஆனாலும் சந்தைல வாங்குனவன்தான். அவன் வழி வந்தவன் எவனா இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் சரி, அவன் எலும்பு இந்தக் கோபுரத்துல ஏறக்கூடாது. இன்னிக்கு நாம சட்டம் போடணும். ரத்தம் மட்டும்தான் சிரிஹிட்!"

"எவனா இருந்தாலும்தானா?" என்று கிழவர் கேட்டார்.

"எவனா இருந்தாலும்!"

"இமா தூத்து!" என்றார் ஒருவர், அதாவது சரிதான் என்று. "இமா தூத்து!" என்றது முற்றம். மூன்றாம் முறை எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். சட்டமாகிவிட்டது. இனி கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. அவருக்கு இங்கே நம்பர் கிடையாது.

கிழவர் கோலை ஊன்றி எழுந்தார். ஏழாம் நம்பர் கதையை, எருமையை, சந்தையை, விருந்தை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். எல்லாரும் கொம்கொமைப் பார்த்தார்கள். அவன் வாழையிலையில் ஒட்டியிருந்த கொழுப்பை வழித்துக்கொண்டிருந்தான்.

"சரி, அப்ப பஸ்சு எத்தன மணிக்கு?" என்றான்.

"இருப்பா, முடிக்கல," என்றார் கிழவர். "ஒரு எருமைக்கு ஒரு பையன்னா நம்ம ஆளு வாங்குவாரா? சிரிஹிட்டு பேரம் பேசாம எதையாவது வாங்கியிருக்கானா? பையன் ரெண்டு. அண்ணன், தம்பி. தம்பி சின்னவன், கொசுறு. ரெண்டு பேருக்கும் ஒரே விருந்து. அண்ணன் வழி இந்தக் கண்டக்டர். தம்பி வழில சீக்கிரம் சீக்கிரமா கல்யாணம் பண்ணுனாங்க. அந்த வழி..." இங்கே கிழவர் நிறுத்தி, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டார். "அந்த வழி நீங்க, சார்."

சித்தப்பா போய் சார் வந்துவிட்டது. கத்தி இறங்கியது தும்பாலுக்கு அந்தச் சொல்லில்தான்.

"பொய்!" என்றார். "சாட்சி எங்க? யாரு சொன்னது?"

"நேத்து கண்டக்டரப் பத்திச் சொன்னேன். அப்ப சாட்சி கேட்டீங்களா சார்? அதச் சொன்ன வாயிதான் இதையும் சொல்லுது. அது உண்மைன்னா இதுவும் உண்மை. இது பொய்யின்னா அவரு பன்னெண்டு, நீங்க போட்ட சட்டம் வீண், அவங்கப்பா மேல ஏறுவாரு. எது வேணும்?"

 முப்பது வருஷ வக்கீல் தொழிலில் தும்பால் எதிராளிகளை இப்படித்தான் நிறுத்துவார். எந்தப் பக்கமும் கதவு கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சரிபார்க்கலாம் என்றால் கிழவரின் மண்டையைத் தவிர வேறு இடமில்லை. முற்றத்தைப் பார்த்தார். நேற்றுவரை பேராண்டிகளாகவும் மகன்களாகவும் இருந்த முகங்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

"கோபுரம் நான் கட்டினது," என்றார் கடைசியாக.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள் நாற்காலியை நகர்த்திய பெண்பிள்ளை. "வெளியாளு இவ்வளவு செய்யறது பெரிய விஷயம்."

"இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் இன்னொருவர். "விருந்தாளிக்குக் கழுத்துக்கறி உண்டு."

தும்பாலின் அப்பா இருந்த பெட்டியை இரண்டு பேர் வரிசையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்கள். இடம் காலியானதும் மற்றப் பெட்டிகள் ஒரு படி நகர்ந்தன. முதலில் வந்து நின்றது பதினாலாம் நம்பர், ரிரிஸ் கிழவரின் அப்பா. மேளம் அடித்தது. மரக்கால் வீட்டில் மேலே இருந்தவர் கோபுரத்திலும் மேலே ஏறினார். கிழவர் அழுதார், சந்தோஷத்தில் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கி வரும்போது தும்பாலின் காதோரம், "பல்லு டாக்டர் பேரு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்" என்றார்.

தும்பால் மனைவியைத் தேடினார். லம்தியூர் தன் அண்ணன்மார் பாயில் உட்கார்ந்திருந்தாள். பெண் கொடுத்த வீட்டார் பங்கு பெரிய தட்டில் அவர்கள் முன்னால் வந்திருந்தது.

"கெளம்பலாம்," என்றார்.

"நீங்க கெளம்புங்க. எங்கண்ணன் இன்னும் சாப்பிடல." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சிரிஹிட்டு மருமகள்னு முப்பது வருஷம் இந்த வீட்டுப் பாத்திரத்தத் தேய்ச்சேன். யாரு பாத்திரம்னு விசாரிச்சுட்டு வாறேன்."

முற்றத்து வாசலுக்கு வெளியே, ரோட்டோரம், கொம்கொம் நூடுல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தான். தும்பால் அப்பாவின் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதன் வெள்ளைத் துணியைப் பெண்கள் ஏற்கெனவே உருவி எடுத்திருந்தார்கள். அது வம்சத்துச் சொத்தாம். துணி போனதும் மூடி நிற்கவில்லை. நடக்க நடக்க எலும்புகள் கடகடவென்றன.

"என் சப்பாத்து," என்றார் தும்பால்.

"பேராண்டி."

"இனிமே என்ன பேராண்டி? நீயும் வெளிய, நானும் வெளிய."

"சிரிஹிட்டு போச்சு," என்றான் கொம்கொம். "ஆனா அண்ணன் வழி நானு, தம்பி வழி நீ. அது பெரியவரு முற்றத்துல வெச்சு சொன்னது, நீ போட்ட சட்டத்துக்கும் அதான் ஆதாரம். ரத்தம் மட்டும்தான்னு சொன்னே. நம்ம ரெண்டு பேருக்கும் ரத்தம் ஒண்ணுதான். உலகத்துல எனக்கு நீ, உனக்கு நான். ரெண்டு பேரு உள்ள வம்சத்துல நான்தான் பெரியவன்." சொல்லிவிட்டு எழுந்தான். "கெழவன் மாதிரி நிக்காத. அந்தப் பெட்டி ஒடஞ்சிரும், பஸ்சுல ஏத்த மாட்டாங்க. இதுல போடு."

நூடுல்ஸ் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தான். தன் அப்பாவின் எலும்பைப் பத்திரமாக அள்ளித் தன் மேல்சட்டையில் வைத்துக்கொண்டான்.

"போடு, போடு, உள்ள எடமிருக்கு."

 தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது; கால் சுட்டது. தும்பால் மண்டியிட்டு அப்பாவை அட்டைப்பெட்டிக்குள் கொட்டினார். கொம்கொம் தன் அப்பாவை அதன் மேல் வைத்து, கை அழுந்த ஒருமுறை அமுக்கி, மூடிக் கயிறு கட்டினான்.

"தூக்கு பேராண்டி. நீ சின்னவன்."

பஸ் வந்து நின்றது. தும்பால் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். கொம்கொம் விசில் ஊதினான்.

பின்குறிப்பு: பத்தாக் மக்களிடம் சிரிஹிட் என்றொரு வம்சம் கிடையாது; பெயர் கற்பனை.